கரண்டி ஊற்றுக்கு வழி

இருபத்திரண்டு வருஷம் குலுக்கலில் பெயர் கொடுத்து, இருபத்திரண்டு வருஷமும் ‘வருந்துகிறோம்’ என்று பதில் வாங்கியவள் நான். எங்கள் யூட்டா மாநிலத்தில் பெரிய ஆண் எல்க் மானைச் சுடத் துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது, குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழ வேண்டும். நல்ல மலைகளுக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சீட்டு. விழாத வருஷத்துக்கு ஆறுதலாக ஒரு புள்ளி தருவார்கள். புள்ளி சேர்ந்தால் வாய்ப்பு கூடும். விழுந்துவிட்டாலோ சேர்ந்த புள்ளியெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த மே மாதக் கடைசியில் எனக்கு விழுந்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு சீட்டுக்குக் காத்திருந்தால் எண்பதில் கைத்தடியோடுதான் மலை ஏற வேண்டும். ஆக, என் ஆயுளுக்கு இது ஒன்றுதான்.

செய்தி வந்ததும் முதலில் என் தம்பி ரூலனைத்தான் கூப்பிட்டேன். என்னைவிட அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான்.

“அப்புறம் என்னக்கா, சாஞ்சகொம்பன் உனக்குத்தான். செப்டம்பர்ல போய் ‘வாடா கண்ணா’ன்னு கூப்பிடு, வந்து நிப்பான்.”

சாஞ்சகொம்பன் என்பது இடது கொம்பு கீழே வளைந்த ஒரு பெரிய எல்க். மூன்று வருஷமாக நான் தொலைநோக்கியில் மட்டும் பார்த்து வந்தேன். அவன் கரண்டி ஊற்றில் தண்ணீர் குடிப்பான் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஊற்று என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறை இடுக்கில் கரண்டி கரண்டியாகக் கசிகிற தண்ணீர், அவ்வளவுதான். ஒரு பஞ்ச வருஷத்தில் நானும் ரூலனும் நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து, முதுகில் கட்டித் தூக்கிப்போய் அங்கே புதைத்தோம். அன்றிலிருந்து ஜூலையிலும் அங்கே தண்ணீர் நிற்கும்.

எங்கள் ஊரில் ஒருத்தனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்கலாம். எங்கே வேட்டையாடுகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பொய்தான் பதிலாக வரும், அதை யாரும் பாவமாக நினைப்பதில்லை. என் கணவர் லாமாருக்கே நான் அந்த இடத்தைச் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர், சொல்லவில்லை. தடம் விழக் கூடாதென்று நானும் ரூலனும் கடைசி இரண்டு மைலை ஆளுக்கொரு வழியாகத்தான் நடப்போம்.

ஜூன் மாதம், உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில் வனவிலங்கு வாரியத்தின் கூட்டம். வேட்டைக் காலத்தில், மிருகம் வந்தால் தானே படமெடுக்கிற கேமராவைக் காட்டில் வைப்பதைத் தடை செய்யலாமா என்று பொதுமக்கள் கருத்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் தடை வேண்டும் என்கிற கட்சி. ரூலனும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நான் பேச வேண்டியதை என் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதிக் கொடுத்ததே அவன்தான். ‘வறண்ட காட்டில் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மிருகம் வந்தே தீர வேண்டும், அங்கே கேமராவை மாட்டுவது வேட்டை இல்லை’ என்ற வரி அவனுடையது. எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. எனக்குத் திட்டத்தான் வரும்.

அரங்கம் நிறைந்திருந்தது. முழங்காலை நீட்ட வசதியாக ரூலன் ஓர இருக்கையில் உட்கார்ந்தான். நான் அவன் பக்கத்தில். அவனுக்கு இரண்டு முழங்காலும் போய் மூன்று வருஷமாகிறது. கூரை வேலை செய்தவன், மண்டியிட்டே வாழ்ந்தவன். அறுவைச் சிகிச்சையும் சரியாக வரவில்லை.

முதலில் பேசிய மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் சபையைச் சிரிக்க வைத்தார்.

“எங்க தொட்டி ஒண்ணைச் சுத்தி முப்பத்தோரு கேமரா. நான் எண்ணினேன். என் மாடு தண்ணி குடிக்கப் போனா சினிமா நட்சத்திரம் மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குது. குடிக்கவே மாட்டேங்குது.”

அடுத்து பிராக்ஸ்டன். வெளியூர்ப் பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப் போகிற கம்பெனி வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வயதுதான், பல்லெல்லாம் வெள்ளை. பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான். குறை சொல்ல இடம் வைக்காத ஆள். அதனாலேயே எனக்குப் பிடிக்காது. திரையில் படம் போட்டுப் பேசினான்.

“கேமரா இருக்கறதாலதான் நாங்க வயசானதைப் பாத்து எடுக்கறோம், சின்னதை விட்டுடறோம். உதாரணத்துக்கு இவரைப் பாருங்க. பன்னெண்டு வயசு இருக்கும். இந்த வருஷம் எங்க வாடிக்கையாளர் ஒருத்தர் ஏலத்துல சீட்டு எடுத்து இவருக்காகவே வர்றார்.”

திரையில் சாஞ்சகொம்பன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் மூக்குக்குக் கீழே என் நீலப் பீப்பாய்.

அரங்கத்தில் எல்லோரும் கொம்பைப் பார்த்து ‘அடேயப்பா’ என்றார்கள். நான் பீப்பாயைத்தான் பார்த்தேன். விளிம்பில் ரம்பம் வழுக்கி ரூலன் கோணலாக அறுத்த இடம்கூடத் தெரிந்தது. படத்தின் அடியில் தேதி: போன செப்டம்பர் பதினாலு, காலை ஆறு ஐம்பத்திரண்டு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் மிச்சம் ஒருத்தன்தான். திரும்பிப் பார்த்தேன். ரூலன் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

“டேய்.”

அவன் தொப்பியின் விளிம்பைத் தடவினான்.

“ரூலன். என்னைப் பாரு.”

“அக்கா, இங்க வேண்டாம். வெளிய போய்ப் பேசலாம்.”

“அவனைக் கூட்டிட்டுப் போனியா?”

“போன ஆகஸ்ட்ல. அவன்கிட்ட கோவேறுகழுதை இருக்கு. அது மேல உக்காரவெச்சு ஏத்திட்டுப் போனான்.”

“அப்ப அவன் உன்னைக் கூட்டிட்டுப் போனான். நீ வழி காட்டின.”

“அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா நான் அங்க போகலக்கா. போக முடியல. இனிமே முடியவும் முடியாது, டாக்டர் சொல்லிட்டார். ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. கேமரா அவனே ஓசியா கொடுத்தான். மரத்துல மாட்டிட்டா தினம் போனுக்குப் படம் வரும். காலையில காப்பிக்குப் பதிலா அதைத்தான் பாக்கறேன். ஒரு நாள் கரடி வந்துச்சு, குட்டியோட.”

“உன் போனுக்கு மட்டும் வருதா?”

மேடையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ரூலன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

“கேமரா அவனோடது. அவங்க ஆபீசுக்கும் போகும்.”

“அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

அந்த ஒரு சொல்லை அவன் பொய்யாகச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேன். தம்பியின் பொய்யை நம்புவதற்கு எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது.

“எனக்குச் சீட்டு விழுந்தப்ப சொல்லியிருக்கலாமேடா. என் வீட்டுல உக்காந்து, என் சோளரொட்டியைத் தின்னுக்கிட்டு, கேமரா வெக்கறது வேட்டை இல்லைன்னு எழுதிக் கொடுத்தியே. எந்த வாயால எழுதின?”

“அது உண்மைதானக்கா. நான் செஞ்சது தப்புன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். தடை வந்துட்டா அவன் கழட்டித்தான் ஆகணும். உன்கிட்ட நான் சொல்ல வேண்டியே வராது.”

அப்போதும் என் மனது தேதியை விட்டு வரவில்லை. ஆகஸ்டில் மாட்டியிருக்கிறார்கள். லாமார் இறந்தது செப்டம்பர் கடைசியில். அடக்கம் முடிந்து, உறவெல்லாம் கிளம்பி, வீட்டில் அவர் செருப்பு மட்டும் கிடந்த அந்த அக்டோபர் வாரம் நான் கரண்டி ஊற்றுக்குத்தான் போனேன். வேட்டைக்கு இல்லை. பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அவரிடம் பேசினேன். அந்த இடத்தை அவருக்குச் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரை மேலெல்லாம் ஊற்றிக்கொண்டேன். நாற்பது மைல் சுற்றளவில் மனிதர் இல்லை என்று நினைத்தேன். மிருகங்கள்தான் பார்க்குமென்று நினைத்தேன்.

“ரூலன். அக்டோபர்ல நான் அங்க போனேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“படம் வந்துச்சா?”

“நான் உடனே அழிச்சுட்டேன்க்கா. என் போன்ல வந்தது அத்தனையும். சத்தியமா.”

“உன் போன்ல.”

“ஆமா.”

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அப்போது ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. நெட்ரா ஹோலியோக், மூன்று நிமிடம், பச்சை விளக்கு எரிந்தால் ஆரம்பிக்கலாம். ரூலன் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் நீட்டியிருந்த காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மெதுவாகவே தாண்டினேன். வலிக்கக் கூடாதென்று இன்னும் பார்க்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

நடைபாதையில் பிராக்ஸ்டன் எதிரில் வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

“அம்மா, நேர்ல பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். லாமார் ஐயா ரொம்ப நல்ல மனுஷர். நீங்க அங்க தனியா உக்காந்திருந்ததைப் பாத்து எங்க ஆபீஸ்ல எல்லாருக்குமே மனசு கஷ்டமாப் போச்சு. நாங்க யாரும் வெளிய பேசல, நீங்க கவலைப்படாதீங்க.”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. திட்டுவதற்குக்கூட அவன் இடம் வைக்கவில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் அந்த ஆபீசில்? ஆறு? எட்டு? அதில் இரண்டு பையன்கள் நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் போனவர்கள்.

ஒலிவாங்கி முன்னால் நின்றேன். பச்சை எரிந்தது. தாளை விரித்தேன். ரூலனின் கையெழுத்து, சிறுவயதிலிருந்தே அழகான கையெழுத்து. ‘வறண்ட காட்டில் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு’ என்று ஆரம்பித்திருந்தது. படிக்க முடியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“என் பேரு நெட்ரா. உங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரை நான்தான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போறேன். இந்த வருஷம் எனக்கு எல்க் சீட்டு விழுந்திருக்கு, இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம். இப்ப திரையில பாத்தீங்களே, அவனைத்தான் நான் மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பீப்பாயை வெச்சது நான். அந்த இடத்தை இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை.

“பழைய சுரங்க ரோட்டுல பதினோராவது மைல்ல ஒரு இரும்புக் கேட் இருக்கு. பூட்டு கிடையாது, சங்கிலி சும்மா சுத்தியிருக்கும். உள்ள போனா ஓடை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் போறதைப் பிடிங்க.”

நாலு வரிசைக்கு அப்பால் ஒருத்தன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். இன்னொருத்தி போனில் தட்ட ஆரம்பித்தாள். பெரியவர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள், நான் அங்கேயே துணியை அவிழ்த்துவிட்டது போல. எங்கள் ஊரில் யாரும் செய்யாததை நான் செய்துகொண்டிருந்தேன். பிராக்ஸ்டன் நடைபாதையில் நின்ற இடத்திலேயே நின்றான். முதல்முறையாக அவன் பல் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பது வண்டி அந்த ஓடையில் நிற்கும் என்று அவனுக்கும் தெரியும். சாஞ்சகொம்பன் ஒரு சத்தம் கேட்டால் போதும், மேட்டைத் தாண்டித் தேசியப் பூங்காவுக்குள் போய்விடுவான். அங்கே யாரும் சுட முடியாது. பிராக்ஸ்டனுடைய பணக்காரருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

“அக்கா, போதும்.” ரூலனின் குரல். எழுந்து நின்றிருந்தான், முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு. “நிறுத்துக்கா.”

நான் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“ரெண்டு மைல் போனா சிவப்புப் பாறை, வாசல் மாதிரி நடுவுல பிளந்திருக்கும். அதுக்குள்ள வலது பக்கம் ஏறுங்க. ஜூனிபர் மரம் பெருசா ஒண்ணே ஒண்ணுதான். கேமரா அதுலதான் இருக்கணும், ரெண்டு ஆள் உயரத்துல. தண்ணி அதுக்கு நேர் கீழ.”

சிவப்பு எரிந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தார்.

என் கைப்பை இருக்கையில் இருந்ததால் ரூலனிடம் போகத்தான் வேண்டியிருந்தது. அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அந்த முழங்காலோடு அவ்வளவு நேரம் அவனால் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. முகமெல்லாம் நனைந்திருந்தது.

“அது என்னோட இடமும்தானக்கா,” என்றான்.

“தெரியும்டா,” என்றேன். “தெரிஞ்சுதான் சொன்னேன்.”