அரக்கு வைக்காத மாலை

இந்தக் காலத்தில் எவனுக்கும் வாயை மூடத் தெரியவில்லை. தையல்காரி மகளின் கழுத்து மாலைக்கும் தெரியவில்லை. அது பேசும். பேசினாலாவது பரவாயில்லை, ஏசும்.

முன்பெல்லாம் நகை வேண்டுமென்றால் தட்டாரிடம் சொல்லிவிட்டு வந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இப்போது கூடவே உட்கார்ந்து செய்கிறார்களாம். ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தையல்காரி தன் சாக்கட்டியோடு பட்டறைக்குப் போய்த் தரையிலேயே மாலையை வரைந்தாள். தட்டார் காலால் அழித்தார். அவள் மறுபடி வரைந்தாள். மகளுக்குக் கழுத்து குட்டை. அது தெரியாதபடி மணிகள் மேலே சிறுத்துக் கீழே பெருக்க வேண்டுமாம். அவர் தகட்டைக் கிண்ணம் கிண்ணமாகக் குழித்தார், அவள் இரண்டிரண்டாகச் சேர்த்து இடுக்கியில் பிடித்தாள், அவர் ஊதிப் பற்றவைத்தார். இத்தனைக்கும் நடுவில் இருவரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். உள்ளே கூடான மணி நசுங்காமலிருக்க அரக்கு உருக்கி ஊற்றுவது வழக்கம். அதற்கும் விடவில்லை அவள்.

“அரக்க அடைச்சு எடைய ஏத்தப் பாக்குறீங்களாண்ணே? காலியாவே இருக்கட்டும்.”

“நான் வந்து உன் மெஷின மிதிக்கிறேனா?”

“மிதிச்சுப் பாருங்க, சட்டைக்கு மூணு கை வரும்!”

காலி மணி, இரண்டு பக்கமும் துளை, பக்கத்தில் இரண்டு தொண்டை. சத்தம் உள்ளே போகாமல் என்ன செய்யும்?

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா மாலையைப் பார்க்கக் குனிந்தாள். தையல்காரியின் குரலில் மேல் மணி சொன்னது: “கழுத்து குட்டைன்னு அந்தச் சம்பந்தியம்மா கண்டுபிடிச்சிடக் கூடாது. கண்ணா அது, தராசு!”

அடுத்த மணி தட்டாரின் குரலில் சொன்னது: “விடும்மா, மாப்பிள்ளைக்குக் கழுத்தே இல்லையே.”

“எந்திரிடா, போலாம்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மணப்பெண் அசையவில்லை. “நில்லுங்க அத்தை. மாலையக் கழட்டச் சொன்னா கழட்டுறேன். கழுத்த என்ன பண்ணச் சொல்றீங்க?”

மாப்பிள்ளை தன் தோளுக்கும் தாடைக்கும் நடுவே தடவிப் பார்த்தான். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். கல்யாணம் நடந்தது.

மாமியார் சும்மா விடுகிறவளா? மறுவாரமே தன் பழைய வளையல்களோடு அதே பட்டறைக்குப் போய், அரக்கில்லாமல் இன்னொரு மாலைக்குச் சொன்னாள். பொழுதெல்லாம் தட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணிக்குள்ளும் நேராக வாயை வைத்துத் திட்டினாள். இப்போது இரண்டு மாலையும் ஒரே பீரோவில் கிடந்து அடித்துக்கொள்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரயில் சத்தத்துக்குப் பழகின மாதிரி அதற்கும் பழகிவிட்டார்கள். தட்டாரிடம் இப்போது யாருமே அரக்கு கேட்பதில்லை.

நேரிலேயே பார்த்துவிடலாமென்று நான் போனபோது வாசலில் சம்பந்திகள் இருவரும் ஒரே முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். “எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லண்ணே, எல்லாத்தையும் அதுங்க பாத்துக்குது” என்றாள் தையல்காரி. மற்றவள் சிரித்தாள்.

மாலை ஏசுகிறது, சரி, காதால் கேட்டேன். சம்பந்திகள் சண்டை போடுவதில்லையாம்! யாரிடம் கதை விடுகிறார்கள்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.