சுகமான இறக்கத்துக்கு எந்தச் சைக்கிள்

பதுளை நகரத்தில் வீரசிங்கம் முதலாளியின் சைக்கிள் கடைக்குப் பின்கட்டில் மலைச் சைக்கிள்கள் மூன்று ரகமாக நின்றன. முன்சக்கரத்துக்கு மட்டும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வைத்த இலேசான ரகம் ஏற்றத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் ஆனது. இரண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள நடுத்தர ரகம், மேடும் பள்ளமும் கலந்து வரும் பாதைக்கு. எருமை மாதிரிக் கனக்கும் மூன்றாவது, செங்குத்தான இறக்கத்துக்கு. இவ்வளவும் கடையில் வேலை பார்க்கும் துஷாந்திக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைக்கு எதை எடுப்பது என்பதுதான் விளங்கவில்லை.

ஞாயிறன்று ஜிப்னா வருகிறார். வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிவரும் ஒரு நிறுவனத்துக்காரர். தெமோதரைக்கு மேலே, துஷாந்தி பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குள் அவரை ஒருமுறை சைக்கிளில் அழைத்துப்போக வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் துஷாந்தி கடையில் டயர் மாற்றுவதை விட்டு வழிகாட்டி ஆகலாம். பிடிக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை வேலை. அதைப் பேசி வைத்திருந்த அத்தை, ஞாயிறு சாயங்காலத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்று அவள் முதலில் ஜிப்னாவுக்கே போன் பண்ணினாள்.

"மிஸ், நீங்க எந்த மாதிரி ஓட்டுவீங்க?"

"எந்த மாதிரியெண்டா? உக்காந்துதான்."

வீடியோக்கள் பார்த்தாள். ஒருவர், முட்டிக் கவசம் இல்லாமல் மலைப்பக்கம் போகவே கூடாது என்றார். இன்னொருவர், சாதாரணப் பாதைக்கு அதைப் போடுவது வெயிலில் கம்பளி போர்த்துகிற மாதிரி என்றார். ஒருவர் கனமான சைக்கிள்தான் பத்திரம் என்றார். அடுத்தவர், அதை ஏற்றத்தில் உருட்டுவதற்குள் ஆள் பாதியாகிவிடுவார் என்றார். எல்லோரும் சரியாகவே பேசுவதுபோலப் பட்டது. பழுது பார்க்கும் அழகரைக் கேட்டாள்.

"விழாம ஓட்டுனா எல்லாமே நல்ல சைக்கிள்தான் தங்கச்சி. விழுந்துட்டா எதுவும் நல்ல சைக்கிள் இல்ல."

முதலாளி மட்டும் ஒரு வழி காட்டினார். "பாதை எப்படின்னு முடிவு பண்ணு. சைக்கிள் தானா முடிவாகும்."

அது நியாயமாக இருந்தது. ஆனால் வேலை நாளில் கொழுந்து பறிக்கிறவர்கள் நடமாடுகிற பாதையில் சைக்கிள் விடத் தோட்டத்துத் துரை சம்மதிக்கவில்லை. ஞாயிறு ஒருநாள்தான் அனுமதி. ஓட்டிப் பார்க்க வழியில்லாததால் அம்மாவைக் கேட்டாள். விஜயலெட்சுமி அந்த மலையில் இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவள்.

"மேமலையில இருந்து எறங்கறதுக்கு எதும்மா சொகமான பாதை?"

"குறுக்குதான். வேற எது?"

"நெசமாவா?"

"மூட்டைய முதுகுல போட்டுக்கிட்டு நாங்க தெனமும் வரலியா? ரோட்டு வழியா சுத்தி வந்தா மடுவத்துல கொழுந்து நிறுக்கறதுக்குள்ள இருட்டிப்போயிரும்."

துஷாந்திக்கும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குறுக்குப் பாதையில்தான் அவளும் ஓடி இறங்குவாள். ஆகவே சுகமான பாதை. ஆகவே இலேசான சைக்கிள், இலேசான ஹெல்மட். முட்டிக் கவசத்தைப் பைக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலையில் ஏற்றம் பிரமாதமாகப் போனது. தோட்டத்து ரோட்டில் சைக்கிள் இரண்டும் பஞ்சுபோல ஏறின. "நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கீங்க," என்றார் ஜிப்னா. மேல்மலையில் தண்ணீர் குடித்துவிட்டுக் குறுக்கில் திரும்பினார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை நேராகக் கீழே விழுந்தது. குறுக்கே தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று. அதைத் தாண்டியதும் கல்லுப் படி, படிக்குக் கீழே இன்னொரு கான். இந்தப் படி எப்போது இவ்வளவு உயரமானது? துஷாந்திக்கு ஒன்றும் புரியவில்லை. சீட் பின்னாலிருந்து தள்ளியது. முன்சக்கரம் குழிக்குக் குழி புதைந்தது. நடக்கும்போது கால் தானாகக் கல்லைத் தேடிக்கொள்ளும், கை செடியைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அது தெரியாது. அம்மா சுகம் என்று சொன்னது சீக்கிரம் மடுவக் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதை. பாதை எப்படி இருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. ஜிப்னாவின் சைக்கிள் கானுக்குள் கிடந்தது. அவர் செடிமேல் மல்லாந்திருந்தார். காற்சட்டை முட்டியில் கிழிந்து இரத்தம் கசிந்தது.

"இதுதான் சுகமான பாதையா?"

சைக்கிள்மேல் பழி போடலாம். நீங்கள் பிரேக்கை முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டுமே வாய்வரை வந்தன.

"நடக்கறதுக்கு வச்ச கணக்க சைக்கிளுக்கும் வச்சிட்டேன் மிஸ். தப்பு என்னோடதுதான். எறங்கி உருட்டிக்கிட்டே போயிரலாம்."

உருட்டிக்கொண்டே இறங்கினார்கள். மடுவத்துப் பக்கத்துக் குழாயில் ஜிப்னா முட்டியைக் கழுவினார்.

"அப்ப இந்த எடத்துக்கு எது சரியான சைக்கிள்?"

கனமானது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதை இவ்வளவு ஏற்றத்தில் யார் மிதிப்பது? நடுத்தர ரகமோ? அந்தப் படியில் அது என்ன செய்யும் என்று யார் கண்டது?

"தெரியலிங்க மிஸ்."

"வழிகாட்டி தெரியாதுண்டு சொன்னா யார் பின்னால வருவாங்க?"

"தெரியும்னு நெனச்சுத்தானே உங்கள விழ வச்சேன்."

ஜிப்னா சிரித்தாரா, வலியில் முகம் சுளித்தாரா என்று விளங்கவில்லை. "அடுத்த ஞாயிறும் துரை விடுவாரா? கேட்டுப் பாருங்க. மூணு ரகத்தையும் கொண்டு வாங்க. முட்டிக்குப் போடவும் ஏதாவது கொண்டு வாங்க," என்று சொல்லிவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இது தேறியதா, தோற்றதா? லயத்து வீட்டுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் யோசித்தும் துஷாந்திக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலை மிதிக்கும்போது அத்தையின் போன் வந்தது.

"என்னடி முடிவு?"

"நான் வரல அத்தை."

"அந்த வேலை கெடச்சிருச்சா?"

"இல்ல."

"கெடைக்கும்னு சொன்னாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் எதுக்குடி வரலங்கிற?"

"அந்த எறக்கத்துக்கு எந்தச் சைக்கிள் சரின்னு எனக்கு இன்னும் தெரியல. அங்க வந்துட்டா தெரியாமலே போயிரும்."

அத்தை போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.