அசையாத அரை மணி நேரம்

கார்முகில் அந்தப் படத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தபோது அப்பா பேச்சிமுத்து உள்ளே வந்துவிட்டார். வாசலில் கொட்டுச் சத்தம் காதைக் கிழித்தது.

"அதக் கொண்டா ஆத்தா. சொர்க்க ரதத்துக்கு முன்னாடி கட்டணும். ஊருப் பிள்ளைகளையெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கா ஒங்கம்மா, அவளுக்குன்னு ஒண்ணுகூட உருப்படியா இல்ல."

"அது இன்னும் முடியலப்பா."

"பரவால்ல. பதினோரு பிள்ளைக வரைஞ்சதுல ஒன்னோடதுதான் அவ மாதிரியே இருக்காம். ஒன் சித்தி நேத்தே சொன்னா."

சித்தி சொன்னது உண்மை. அதுதான் வினையாகிவிட்டது.

கோடை லீவு வந்தால் அம்மா அருள்மொழி மொட்டைமாடிக் கொட்டகையில் பத்தாவது, பதினொன்றாவது பிள்ளைகளுக்கு அக்ரிலிக் ஓவியம் சொல்லித்தருவாள். நேற்றுக் காலை முகம் வரையும் பாடம். மாடலாக அவளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அரை மணி நேரம் நான் அசைய மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. அக்ரிலிக் வெரசா காஞ்சிரும், கை நிக்கப்படாது. கண்ணுக்குத் தெரியிறத வரைங்க. மனசுல நெனைக்கிறத வரையாதீங்க."

என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். அம்மாவின் தலை மெல்லச் சாய்ந்தபோது, "டீச்சர் அசைஞ்சுட்டாங்கடி" என்று ஈஸ்வரி மட்டும் கிசுகிசுத்தாள். கார்முகில்தான் அவளை அதட்டினாள்.

அப்புறம் உதட்டின் நிறம் மாறியது. கொட்டகையைச் சுற்றிக் கட்டிய நீலத் தார்ப்பாயின் வெளிச்சம் என்று நினைத்தாள். சிவப்பில் நீலமும் வெள்ளையும் கலந்து, சரியாக வரும்வரை மூன்று தடவை பூசினாள். வந்ததும் பெருமைகூடப் பட்டாள், பாவி மகள். முடித்துவிட்டுப் போய்த் தோளைத் தொட்டபோதுதான் அம்மா நாற்காலியோடு சரிந்தாள். மாரடைப்பு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார் டாக்டர்.

சேதி கேட்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன தன் ஜீப்போடு மலையிறங்கி வந்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரே கேள்விதான். "அத்தன பேரு இருந்தீங்களே, யாருமே பாக்கலையா?"

இப்போது அவரே படத்தை உருவி எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒதடு ஏன் இப்பிடி இருக்கு?"

"அப்பிடித்தான்ப்பா இருந்துச்சு. நான் பாத்தேன். தார்ப்பாய் நெறம்னு நெனச்சேன். பாத்துப் பாத்துக் கலந்தேன்ப்பா."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழுந்திருந்தால்கூடத் தேவலை. தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது.

"செவப்பு எங்க இருக்கு?"

பெயின்ட் பையைக் காட்டினாள். நேற்று யாரும் கழுவாமல் போட்ட பிரஷ்கள் விறைத்துக் கிடந்தன. அவர் சிவப்பு டியூபைத் திறந்து அவள் விரலில் பிதுக்கினார்.

"பூசு."

"கண்ணுக்குத் தெரியிறதத்தான் வரையணும்னு அம்மா..."

"அத ஊரு பாக்க வேணாம். பூசு ஆத்தா."

பூசினாள். நீலம் முழுவதும் மறைந்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "பேச்சிமுத்தண்ணே, நீர்மாலைத் தண்ணி எடுத்து அண்ணியக் குளிப்பாட்ட நேரமாச்சு!"

"காயட்டும்" என்றார் அப்பா, வெளியே கேட்காத குரலில்.

இருவரும் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு இன்னும் இரண்டு தடவை தட்டப்பட்டது. கடைசியில் அவர் ஒரு விரலால் அந்த உதட்டைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.