கந்தப்பன் போட்ட கோட்டு

ஐம்பத்தொன்பதாம் வருடம், மழையும் காற்றும் வாட்டிய ஆனி மாதம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்புமுன் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார். உத்தியோகத்தர்கள் நாற்காலியும் கிராமபோனும் எடுத்தார்கள். முழங்கால்வரை நீண்ட கருநீலக் கம்பளிக் கோட்டைத் தூக்கிக் காட்டியபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பங்களாவில் பன்னிரண்டு வருடம் வேலை செய்த கந்தப்பனின் கை.

அந்தக் கோட்டை வருடா வருடம் வெயிலில் போட்டுத் தூசி தட்டியவன் அவன்தான். உள்ளே பட்டுத் துணி, லண்டன் தையல். ஒருநாள் அதன் கழுத்துப்பட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். துரைசாணி கண்டுவிட்டாள். திட்டவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவன் கண்ணெதிரே அந்த இடத்தைத் துடைத்தாள். அது அவனுக்குள் முள்ளாய்க் கிடந்தது. கன்றுக்குட்டியை விற்று வந்த காசு முழுவதையும் கொடுத்துக் கோட்டை வாங்கினான்.

கொழும்பிலிருந்து வந்த புதுத்துரை தன் வேலைக்காரர்களையே கூட்டி வந்திருந்தார். கந்தப்பனைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் காலை, ஆட்களை எண்ணிப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், சாக்கும் கறுப்புக் கம்பளியும் போர்த்தியவர்களுக்கு நடுவே அவன் கோட்டோடு நின்றான்.

வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை பதறினார். "டேய் கந்தப்பா, கழட்டுடா! தொரைக்கு முன்னால கோட்டுப் போட்டுக்கிட்டா நிப்ப?"

"குளிருதுங்க ஐயா."

"ஒனக்குக் கம்பளி இல்லையா?"

"இருக்குங்க. இதுவும் இருக்கு. ரெண்டும் நான் வாங்குனதுதான்."

துரை காதில் அது விழுந்தது. கோட்டைக் கழற்றும்வரை அவனுக்கு வேலை கொடுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு நடந்தார்.

கந்தப்பன் மறுநாளும் கோட்டோடு வந்தான். அதற்கு மறுநாளும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மனைவி அழகம்மா அழுதாள். "அந்தக் கருமத்த அடுப்புல போடுங்க. ரொட்டி சுட மாவில்ல."

"இன்னைக்குக் கழட்டுனா சாகுறவரைக்கும் கழட்டிக்கிட்டேதான் இருக்கணும், புள்ள."



நான்காம் நாள் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பெயர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகும் அழகம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "அவரு பேர விட்டுட்டீங்க."

"அவனுக்கு வேலையில்ல. நீ மலைக்குப் போ."

"அப்ப எனக்கும் வேணாங்க." கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். பக்கத்தில் நின்ற மீனம்மாவும் இறக்கினாள். ஒவ்வொரு கூடையாகத் தரைக்கு வந்தது. ஆண்கள் கவ்வாத்துக் கத்திகளைக் கீழே வைத்தார்கள். எட்டு மணியாகியும் ஒருவரும் மலையேறவில்லை. பறிக்காத கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.

துரை ஆபீஸ் வாசலுக்கு வந்து பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமலே, "கந்தப்பன், பன்னிரண்டாம் நம்பர் மல" என்றார்.

தோட்டத்திலேயே செங்குத்தான, காற்று அறையும் மலை அது. கந்தப்பன் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஏறினான். ஒரே வாரத்தில் வெட்டிய கிளைகள் குத்தி கோட்டின் வலது கைத் தையல் விட்டது. கூட வேலை செய்த வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லது கெட்டதுக்குப் போட எடுத்து வைக்கலாமேண்ணே?"

"வேலைக்குப் போடத்தான் வாங்குனேன்."

தினமும் ஆபீஸைத் தாண்டும்போது மட்டும் அவன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டான்.