ஏழாவது பீரியடு

அப்பாவின் பைக்குள் கையைவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடியபோது, அதோடு பாடக்குறிப்பு நோட்டும் கிருத்திகாவின் கையில் வந்தது. கண்ணாடி இல்லாமல் அந்த முகம் வேறு யாருடையதோ போல இருக்கிறது என்று அம்மா அழுதிருந்தாள். கண்ணாடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நோட்டோடு கதவோரம் நின்றாள்.

வாசலில் பந்தலுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை.

அப்பா தமிழரசு தத்துவத்தில் எம்.ஏ. படித்தவர். எருமப்பட்டிப் பக்கம் அந்தப் படிப்புக்கு வேலை கிடையாது. விடுதி வைத்து நடத்தும் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நீதிபோதனை எடுக்கச் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரே பீரியடு, வெள்ளிக்கிழமை ஏழாவது. மற்ற நேரமெல்லாம் விடுதி மேற்பார்வை. அந்த ஒரு பீரியடையும் கணக்கு ஆசிரியர் மாதையன் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்பா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

நோட்டைப் பிரித்தாள். எடுக்காத வகுப்புகளுக்கும் வாராவாரம் குறிப்பு எழுதியிருந்தார். இன்றைய வெள்ளிக்கிழமைத் தேதிக்குக் கீழே மூன்று வரிகள்.

எதற்காகப் படிக்கிறோம்?

கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

பதிலை நான் சொல்லக் கூடாது.

இந்தக் கேள்வியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அவளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். மாதையன் விடுப்பில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். முதல் வரிசையில் இருந்த கிருத்திகா எழுந்தாள்.

"சார், நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட்டுங்க. படிச்சுக்கட்டுங்களா?"

வகுப்பே சிரித்தது. "படிங்க" என்று சொல்லிவிட்டு, எழுதியதை அப்பாவே அழித்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பி.எஸ்சி. முடித்து, கோழித் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளும் பேசவில்லை.

"மூணுக்குள்ள எடுக்கோணும். அப்புறம் எமகண்டம்" என்று பெரியப்பா பந்தலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மணி இரண்டு நாற்பதுக்குப் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. சீருடையில் நாற்பது பேர் இறங்கினார்கள். பலர் கையில் சூத்திரப் புத்தகம். முன்னால் மாலையோடு மாதையன்.

"ஏழாவது பீரியடு சாரோடதுங்க" என்றார் பெரியப்பாவிடம். "கரஸ்பாண்டன்ட் அந்த ஒரு பீரியடுக்குத்தான் விட்டாரு. மூணு இருவது வரைக்கும் பசங்க சார்கூட இருக்கட்டுங்களே."

பந்தல் காலில் சாய்ந்திருந்த அத்தை விடவில்லை. "உசுரோட இருக்கறப்பக் கேக்காத பாடத்தச் செத்த பொறகு கேக்கறாங்களாக்கும்."

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பீரியட வாராவாரம் நாந்தானுங்க எடுத்துக்குவேன்."

"அதெல்லாம் ஆகாதுங்க வாத்தியாரே. மாலையப் போட்டுட்டுக் கெளம்பச் சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பேருந்தின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அப்பாவின் கடைசி வகுப்பும் போய்விடும். கிருத்திகா நோட்டோடு பந்தலுக்கு வந்தாள். பெரியப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

"பெரியப்பா."

அவர் திரும்பினார்.

"நாலரைக்கு மேல எடுத்துக்கலாமுங்க."

"என்ன சாமி சொல்ற?"

"அப்பாவுக்கு இன்னைக்கு கிளாஸ் இருக்குதுங்க."

பெரியப்பா ஐஸ் பெட்டியையே பார்த்தார்.

"எமகண்டத்துல வெதச்சா ஏண்ணா மொளைக்காதுன்னு கேட்டு, சின்ன வயசுல வெதக்கடலைய மடியில வெச்சுக்கிட்டு நின்னானே, இவன். எனக்கு எங்க பதில் தெரியும்? ஏன் ஏன்னு கேட்டே என்ற உசுர வாங்குனான்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு பந்தலோரம் அடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினார். "கொஞ்சம் நிறுத்துங்கப்பா."

பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கிருத்திகா நோட்டை மாதையனிடம் நீட்டினாள். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வகுப்பில் பேசும் குரலிலேயே படித்தார்.

"எதற்காகப் படிக்கிறோம்?"

முன்வரிசையில் ஒரு மாணவன் பழக்கத்தில் கையைத் தூக்கினான். மாதையன் ஏதோ சொல்ல வந்தார். அவர் கண் அடுத்த வரிக்குப் போனது. நோட்டை மூடி ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். தூக்கிய கை மெல்லத் தானாக இறங்கியது.

பேருந்து ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். தூரத்துக் கோழிப்பண்ணையின் இரைச்சல் கேட்டது. ஒரு பெண் மடியில் விரித்திருந்த புத்தகத்தை, பக்கத்துக்கு அடையாளமாக விரலை வைக்காமலே மூடினாள்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கிருத்திகா போய் அதில் உட்கார்ந்தாள்.

மூன்று இருபதுக்கு மாதையனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கைக்குள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அது நின்றது.

ஒருவரும் எழவில்லை.