பந்தல் முன்னால் ஈரம்

குதிரை ஓட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். எந்தக் குதிரை வேகம், எந்த ஜாக்கி கில்லாடி என்று டீக்கடையில் தொண்டை வற்றப் பேசுவார்கள். தரை எப்படி இருக்கிறது என்ற பேச்சு மட்டும் ஒருத்தர் வாயிலும் வராது. நான் அதைப் பேச ஆரம்பித்தால், "ஆரம்பிச்சிட்டாடா அபிகாயிலு" என்று எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் ஊர் குடிபாலாவுக்குப் பக்கம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சர்ச் மைதானத்தில் குதிரை ஓட்டம். குதிரைகள் திருப்பதியிலிருந்து வரும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிற வெள்ளைக் குதிரைகள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாதே, சும்மா நின்று கொள்ளு தின்றுகொண்டிருக்கும். சொந்தக்காரர் நாகபூஷணம் நான்கு குதிரைகளை அனுப்பிவிட்டு, தானும் சிறப்பு விருந்தினராக வந்து மாலை வாங்கிக்கொள்வார். திருப்பதியில் அவரிடம் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, காலையில் ஓட்டிப் பழக்குகிற வேலை எனக்கு. ஆனால் ஊர் ஓட்டத்தில் ஏறுவது மட்டும் பையன்கள்!

இந்த வருஷம் சண்டை போட்டு இடம் வாங்கினேன். சர்ச் கமிட்டித் தலைவர் ஜெபதாஸ் எனக்குப் பெரியப்பா முறை. ஓட்டத்துக்கு மைக் பிடிப்பதும் அவர்தான். "சரி, ஏறு. ஆனா பயந்துகினு நடுவுல நின்னேன்னா, இனிமே இந்த ஊர்ல எந்தப் பொண்ணும் குதிரை பக்கம் வரக் கூடாது. ஒத்துக்கிறியா?" என்றார். உடனே ஒத்துக்கொண்டேன். என் திமிர் அப்படி.

அன்று காலை செருப்பைக் கழற்றிவிட்டுத் தடம் முழுக்க நடந்து பார்த்தேன். அருமையான தரை! ஐப்பசி மழையில் ஊறி, கார்த்திகையில் காய்ந்து, அடியில் இறுகி, மேலே மெத்தென்று பொடிமண். குதிகால் கொஞ்சம் பதிந்து லேசாக மேலே வந்தது. வளைவில் கிடந்த கற்களைப் பொறுக்கி எறிந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. என் குதிரை துரையை இந்தத் தரையில் ஒருத்தனும் பிடிக்க முடியாது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வயிறு எரிந்தது. பந்தலுக்கு முன்னால் தண்ணி டேங்கர் நிற்கிறது. விருந்தாளி வந்து உட்காரும்போது புழுதி பறக்கலாமா? வீட்டு வாசல் தெளிப்பதுபோல, எல்லைக்கோட்டுக்கு முன்னால் தடத்தின் இந்தப் பக்கக் கயிற்றிலிருந்து அந்தப் பக்கக் கயிறு வரைக்கும் தெளித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அதன்மேல் சுண்ணாம்பில் பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வேறு. உபசாரத்தில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை! நன்றாக ஊறப் போட்டாலாவது குளம்பு உள்ளே இறங்கும். இறுகின செம்மண்மேல் சும்மா தெளித்தால் எண்ணெய் தடவின மாதிரிதான். வேகத்தில் லாடம் வழுக்கினால் குதிரைக்குக் கால் போகும், மேலே இருப்பவருக்குக் கழுத்து போகும்.

போன இரண்டு வருஷமும் ஜெயித்தவன் கிஷோர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான், இதற்காகவே லீவு போட்டு வருவான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். ஷூவை வைத்துத் தேய்த்தான். கால் சர்ரென்று போனது.

"இன்னா அபி இது, சோப்பு போட்ட மாதிரி கீது!"

"போய் சொல்லுடா. நீ சொன்னா கேப்பாங்க."

"நானா? பொண்ணே ஏறுது, உனக்கு இன்னாடா பயம்னு கேப்பாங்க. நீயே சொல்லு."

"நான் சொன்னா பொண்ணு பயந்துட்டான்னுவாங்க!"

மற்ற இரண்டு பையன்களும் ஈரத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், பிறகு சேணத்தை இறுக்கப் போய்விட்டார்கள். நான்கு பேருக்கும் விஷயம் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை.

"பெரிப்பா, பந்தலாண்ட தரை சரியில்ல. வழுக்குது. கோட்டை எதிர்ப்பக்கம் மாத்திடுங்க" என்றேன் ஜெபதாஸிடம்.

அவர் கையிலிருந்த மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. "நம்ம அபிகாயிலுக்கு பயமா கீதாம்பா! இறங்கிக்கினா இறங்கிக்கோ, ஒண்ணும் குத்தம் இல்ல" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது. ஹெல்மெட்டை மாட்டி ஏறிவிட்டேன்.

இரண்டு சுற்று. கொடி விழுந்ததும் துரை பாய்ந்தது பாருங்கள்! காற்றில் கண் கரித்தது. முதல் வளைவிலேயே மற்ற இருவரைத் தாண்டிவிட்டோம், கிஷோர் மட்டும் பக்கத்தில். முதல் சுற்று என்பதால் யாரும் முழு வேகம் எடுக்கவில்லை. அப்படியும் ஈரத்தில் துரையின் பின்னங்கால் சறுக்கியது. பக்கத்தில் கிஷோர் "ஏசப்பா!" என்று அலறினான்.

இரண்டாவது சுற்றில் துரைக்கு வெறி பிடித்துவிட்டது. கிஷோரை ஒரு குதிரை நீளத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்துகிறது! சிரித்த அதே கூட்டம்! கடைசி வளைவு திரும்பினால் நேர்ப்பாதை, எல்லைக்கோடு, அதற்கு முன்னால் அந்த ஈரம். இந்த வேகத்தில் போனால் ஜெயிக்கலாம், ஜெயித்து எல்லார் வாயையும் அடைக்கலாம். நின்றால் எனக்கு மட்டும் இல்லை, ஊரில் எந்தப் பொண்ணுக்கும் குதிரை கிடையாது. அந்த ஒரு நொடியில் எனக்கு ஊர்மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் துரை என்னை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கால் முறிகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் எந்தக் கோப்பையை வாங்குவது?

கையைத் தூக்கி, "நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே கடிவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன்.

கிஷோர் என்னைத் தாண்டிப் போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனும் இழுத்தான்! பின்னால் வந்த இருவரும் இழுத்தார்கள். நான்கு குதிரையும் மூச்சு வாங்கிக்கொண்டு ஈரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றன.

"அபிகாயிலு, பயந்துட்டியா?" என்றது மைக்.

"ஆமா பெரிப்பா, பயந்துதான் நின்னேன்!"

"அப்போ பேசினபடி இறங்கு. மத்தவங்க ஓடட்டும்."

நான் அங்கவடியிலிருந்து காலை எடுப்பதற்குள் கிஷோர் தரையில் குதித்திருந்தான். "நானும்தான் பயந்து நின்னேன், மாமா. முத ரவுண்டுலயே உசிரு போய் வந்துச்சு. அவ இறங்குனா நானும் இறங்குறேன்" என்றான். மற்ற இருவரும் இறங்கிவிட்டார்கள்.

அதற்குள் நாகபூஷணம் மாலையோடு இறங்கி வந்து ஈரத்தைப் பார்த்தார். முதல் சுற்றில் லாடங்கள் சறுக்கிய கோடுகள் நட்சத்திரத்தைக் கிழித்துக்கொண்டு நீளமாகக் கிடந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்காகவா தண்ணி ஊத்தினீங்க? நாக்கு தும்மு அலவாட்டே ஐயா! குதிரையோட இருக்கிறவனுக்குப் புழுதி புதுசா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திவிட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் நாற்காலியும் கையுமாக மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடியது. காய்ந்த தரையில் புதுக் கோடு போட்டார்கள். ஈரத்தைத் தாண்டிக் குதிரைகளை நடத்திப் போய், அங்கிருந்து அரைச் சுற்று ஓடுவதென்று முடிவானது. ஜெபதாஸ் என்னைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். "நாலு பேரும் ஏறுங்க" என்றார் மைக்கில்.

அப்பப்பா, அந்த ஓட்டம்! பொடிமண் பறக்க, நானும் கிஷோரும் முழங்கால் உரச வந்தோம். ஜெபதாஸ் தன்னை மறந்து, "வுடாதடி அபிகாயிலு, வுடாத!" என்று மைக்கில் கத்தியது குடிபாலா வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றேன். அதுவும் கிஷோர் குதிரைக்குக் கழுத்து நீளம், வேறொன்றுமில்லை.

துரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஜெபதாஸ் வந்தார். கையில் மைக் இல்லை. குனிந்து குதிரையின் கால்களைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் தரையை நீ பாத்து சரின்னு சொன்னாதான் ஓட்டம்."

"பாக்குறேன் பெரிப்பா. ஆனா ஏறவும் ஏறுவேன்."

"ஏறு, யார் வேணான்னா?" என்றவர் போகாமல் தயங்கினார். "எங்க பேத்தி சபீனா நானும் ஏறணும்னு அழுதுகினு கீறா. அந்த ஹெல்மெட்டு... சின்னப் புள்ள தலைக்கு எங்க கெடைக்கும்?"