ஊமையான இடது பக்கம்

காதுகுத்து நாளன்று காலையில், தாய்மாமன் அருணகிரி சீர்த்தட்டோடு செங்கல்பட்டில் இருந்திருக்க வேண்டும். அவனோ மாமல்லபுரத்தில் தன் வீட்டு ஹாலில், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தான். தங்கை மகள் மகிழினியை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவன் அவன்தான். வைப்பானா மாட்டானா என்பது இந்த மரப்பெட்டிக்குள் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவனே அறிவித்திருந்தான்.

பெட்டியின் இடது பக்கம் பாடவில்லை. குற்றம் அவ்வளவுதான். கடற்கரை ஓட்டல் ஒன்று பழைய சாமான்களைக் கழித்தபோது ஆசைப்பட்டு வாங்கிய ஜப்பான் சரக்கு அது. ஆவணியில் தங்கை புருஷன் ஜெகதீசன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரவல் கேட்டான். அருணகிரி அரைமனதாகக் கொடுத்தான். மறுநாளே லட்டுப் பெட்டியோடு திரும்பி வந்தது. அந்த லட்டைப் பார்த்ததுமே அவனுக்குச் சந்தேகம் தட்டியது. தப்புச் செய்யாதவன் எதற்கு லட்டு வைக்கிறான்?

சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன்காரனுக்குப் பாட்டுக் கேட்க நேரம் ஏது? துண்டு போட்டு மூடி வைத்தான். தீபாவளிக்கு எடுத்துப் போட்டால், தபேலா கேட்கிறது, வயலினைக் காணோம். இடது ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான், இரைச்சல்கூட இல்லை. அந்த நிமிஷமே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஜெகதீசனின் அண்ணன் லட்சுமணன் செங்கல்பட்டில் மைக்செட் கடை வைத்திருப்பவன். ராத்திரியோடு ராத்திரியாக ஒரிஜினல் டிரான்சிஸ்டரைக் கழற்றிக்கொண்டு, ஏதோ டூப்ளிகேட்டைச் சொருகி அனுப்பிவிட்டான். வேறென்ன?

இதை மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அருணகிரிக்குக் கிடையாது. முந்தின நாள் தங்கை பூங்கொடி போன் செய்தபோது கொட்டிவிட்டான்.

“என் ஆம்ப்ளிய நோண்டுனவன் வூட்டுல நான் வந்து குந்திக்கினு இருக்கணுமா? மொதல்ல உம் புருசன உண்மைய சொல்லச் சொல்லு. அப்பால கொழந்தய என் மடியில ஒக்கார வெக்கலாம்.”

“அண்ணா, பொட்டிக்கும் எம் பொண்ணு காதுக்கும் இன்னா சம்பந்தம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பூங்கொடி வைத்துவிட்டாள். அந்தக் குரல் அவனை ராத்திரி தூங்கவிடவில்லை. தூக்கம் கெட்டதற்கும் சேர்த்து ஜெகதீசன்மேல்தான் கோபம் வந்தது.

ஆக, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று உட்கார்ந்தான். முதலில் பின்பக்கத்து ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகினான். ஸ்பீக்கர்தான் கெட்டது என்றால் மாற்றிய பிறகும் அதே ஸ்பீக்கர் ஊமையாகத்தான் இருக்க வேண்டும். அதுவோ ஜம்மென்று பாடியது. மற்றது வாயை மூடிக்கொண்டது. ஸ்பீக்கர் நிரபராதி. அடுத்து, போனிலிருந்து பாட்டு வரும் ஒயர்களை, சிவப்பையும் வெள்ளையையும் மாற்றினான். அப்போதும் பெட்டியின் இடது பக்கமே ஊமை. ஒயரும் நிரபராதி.

“பெட்டிக்குள்ளதான் கீது! நான் சொன்னேன்ல?” என்று தொடையில் தட்டினான்.

மனைவி ஜெயப்பிரியா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வாசற்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் பழத்தட்டு, பாவாடை சட்டை, புதுக் கம்மல் வைத்த தட்டு எல்லாம் துணி மூடித் தயாராக இருந்தன.

“இன்னாயா, முகூர்த்தம் போய்க்கினு கீது. பொட்டி எங்க போவப்போவுது? வந்து பாத்துக்கலாம், வா.”

“திருடன் வூட்டுக்கு ஆதாரம் இல்லாம போவக் கூடாது.”

“காது குத்தப் போறியா, கேஸு குடுக்கப் போறியா?”

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியின் திருகாணிகளைப் பார்த்தான். ஒன்றின் தலையில் கீறல். அவன் முகம் மலர்ந்துபோனது, கேட்டது கிடைத்த பிள்ளை மாதிரி. “பாத்தியா? தொறந்துகீறான்!” போன வருஷம் பல்பு மாற்ற இதே மூடியை இதே ஸ்க்ரூ டிரைவரால் திறந்தவன் தான்தான் என்பது அவனுக்கு நினைவில்லை. ஜெயப்பிரியாவுக்கு இருந்தது. சொன்னால் இன்னும் அரைமணி நேரம் வாதாடுவான் என்று பேசாமல் இருந்தாள்.

மூடி திறந்தது. டார்ச் அடித்தான். டிரான்சிஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின்மேல் வருஷக்கணக்கான தூசி, விரல் பட்ட தடயமே இல்லாமல், ஒரே சீராகப் படிந்திருந்தது. லட்சுமணன் கழற்றி மாட்டியிருந்தால் இந்தத் தூசியை எப்படித் திரும்பத் தூவியிருப்பான்? அருணகிரிக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையாகவே ஏமாற்றம். பியூஸ் சரியாக இருந்தது. கருகின வாடை இல்லை. எதுவும் உப்பவும் இல்லை.

டார்ச்சை முன்பக்கம் கொண்டுவந்தான். இடமும் வலமுமாகத் தள்ளுகிற பேலன்ஸ் பொத்தான், கீழே நீளமாக வாய் திறந்த பிளவு. எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் என்று பங்கு போட்டு அனுப்புவது அந்தப் பொத்தான்தான். அதன் உட்புறத் தடத்தில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. நடுவில் சிவப்பு. விரலால் சுரண்டி மூக்குக்குக் கொண்டுபோனான். குங்கும வாசனை!

“ஜெயா! மாட்டிக்கினான்!” என்று கூவினான். “கிரகப்பிரவேசத்துல பொட்டிக்குப் பூசை போட்டுகீறானுங்க. ஈரத்தோட பூசி, அது உள்ளாற எறங்கி, காஞ்சி, அடச்சிக்கிச்சு. டிரான்சிஸ்டர் இல்லன்னாலும் ஆளு அவன்தான். இப்பவே போட்டோ புடிச்சி எடுத்துக்கினு போறேன்.”

ஜெயப்பிரியா குனிந்து பார்த்தாள். அந்த வெள்ளைப் பொருக்கை அவளும் நகத்தால் சுரண்டினாள், இரண்டு விரலால் நசுக்கினாள், நெற்றியில் கீற்றாக இழுத்துக்கொண்டாள்.

“இது விபூதி.”

“சரி, விபூதி. அதுக்கு இன்னா?”

“உன் மாப்ள வூட்டுல பூட்டுலேந்து புல்லட்டு வரைக்கும் நாமம்தான் போடுவாங்க. திருப்பதி கும்புடறவங்க. அந்த வூட்டுல விபூதித் தட்டே கெடையாது. உன் தங்கச்சி கல்யாணமான புதுசுல நம்ம வூட்டுலேந்து பொட்டலம் கட்டிக்கினு போனாளே, மறந்துட்டியா? ஆயுதபூசைக்குக் கொழகொழன்னு விபூதி கரச்சி, வேனுக்கு, மிக்சிக்கு, இந்தப் பொட்டிக்குன்னு மூணு வெரலால பட்ட போட்டது யாரு?”

அருணகிரி தன் வலது கையைப் பார்த்தான். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல். புரட்டாசியில் பெட்டியின் நெற்றி எது என்று தேடி, பொத்தான்மேலேயே அழுத்திப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் உருட்டியது எல்லாம் கண்முன்னே வந்தது. லட்டு வந்தது ஆவணி. பட்டை போட்டது புரட்டாசி. நடுவில் ஒருநாள்கூடப் பெட்டியைப் போட்டுப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவனுக்குக் காது இரண்டும் சூடாகிப்போனது. “பொட்டிக்கும் எம் பொண்ணு காதுக்கும் இன்னா சம்பந்தம்?” என்று தங்கை கேட்டது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

“தட்ட எடு” என்றான். மூடிகூடப் போடவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக வேன் பறந்தது. பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் அருணகிரி ஹாரனை அழுத்தியபடியே தன்னைத் திட்டிக்கொண்டான். ஜெயப்பிரியா போன் போட்டாள், பூங்கொடி எடுக்கவில்லை.

“இன்னேரம் முடிஞ்சிருக்கும்” என்றாள்.

அவன் வேகத்தைக் கூட்டினான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் மடியில் பிள்ளைக்குக் காது குத்தினால் அது ஊருக்கெல்லாம் தெரிந்து, சாகிற வரைக்கும் கூடவே வரும்.

பந்தலுக்குள் நுழைந்தபோது குழந்தையின் அழுகைதான் முதலில் கேட்டது. மணைமேல் லட்சுமணன் உட்கார்ந்திருந்தான். மகிழினி அவன் மடியிலிருந்து நழுவி, அம்மா புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். வலது காதில் தங்கக் கம்பி மின்னியது. முடிந்துவிட்டது.

“வா மச்சான்” என்றான் ஜெகதீசன். முகத்தில் சிரிப்பில்லை. “முகூர்த்தம் போவுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. அண்ணன ஒக்கார வெச்சி ஒரு காது குத்தியாச்சு. இன்னொண்ணு நீ வந்தாதான்னு நான்தான் நிறுத்திட்டேன். ஒத்தக் காதோட நிறுத்தறான் பாருன்னு அல்லாரும் என்னத் திட்டிக்கினு கீறாங்க.”

பத்தர் ஊசியோடு அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். லட்சுமணன் எழுந்து, மணையைத் துண்டால் தட்டிவிட்டு நகர்ந்தான். அது அருணகிரியை அறைந்த மாதிரி இருந்தது.

“மாப்ள” என்றான். “பொட்டியில விபூதி. நான் போட்ட பட்ட. நீ ஒண்ணும் பண்ணல. லட்சுமணன் அண்ணாத்தயும் பண்ணல. அத அல்லாரு முன்னாடியும் சொல்றேன்.”

ஜெகதீசன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று அருணகிரிக்குத் தெரியும், ஆனால் அதற்கு இந்தப் பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை.

“மொதல்ல ஒக்காரு மச்சான்” என்றான் ஜெகதீசன் கடைசியில். “மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

அருணகிரி மணையில் உட்கார்ந்து கையை நீட்டினான். மகிழினி வரவில்லை. வாழைப்பழம் தருகிறோம், ஒன்றும் செய்யமாட்டோம் என்று சொல்லித்தான் முதல் தடவை ஏமாற்றியிருந்தார்கள். கன்னத்தில் கண்ணீர்க் கோட்டோடு அவள் மாமனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“நீயும் குத்துவியா?”

சுற்றி இருந்தவர்கள், இல்லையென்று சொல்லு, இல்லையென்று சொல்லு என்று கண்ணைக் காட்டினார்கள்.

“குத்துவாங்கடா கண்ணு. வலிக்கும்” என்றான் அருணகிரி. “மாமா கெட்டியா புடிச்சிக்கிறேன்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு புடவையை விட்டுவிட்டு வந்து அவன் மடியில் ஏறி, இடது காதை அவளாகவே திருப்பிக் காட்டினாள்.